நெடுக்கே படித்ததைக் குறுக்கே படியுங்கள்

முக்கூடலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு 31 வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து பி.எட். சேர்ந்தேன். மனித வளர்ச்சி பற்றிய தாளுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. பியாஜே, எரிக்சன், கோல்பர்க், வைகாட்ஸ்கி என்று மனித வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் எல்லாரையும் படித்துவிட்டேன். தனித்தனியாகக் கேட்டால் சொல்வேன். கலந்து கேட்டால் ஒருவருடைய நிலைக்கு இன்னொருவருடைய வயதை எழுதிவிடுகிறேன். பகலில் என் ஐந்து வயது மகனையும் பார்த்துக்கொண்டு மாமியாரோடு பீடி சுற்ற உட்கார வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் புத்தகத்தை எடுக்க முடிகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் மைனிக்குப் பத்து மாதக் கைக்குழந்தை. நன்றாக உட்காருகிறான், ஆனால் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்கிறான். புத்தகத்தில் ஒன்பதாம் மாதம் தவழும் என்று போட்டிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. புத்தகம் தப்பா, பிள்ளை தப்பா?"

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயத்தை மனசில் வைத்துக்கொண்டு யாராலும் படிக்க முடியாது. அதோடு, உங்கள் தாளின் முதல் அலகு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

புத்தகமும் தப்பில்லை, பிள்ளையும் தப்பில்லை. புத்தகத்தில் இருப்பது நடுவாந்தரமான ஒரு மாதக் கணக்கு. அதற்கு முன்னும் பின்னும் நிறைய இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் வரலாம். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2-இலிருந்து 13.5 மாதத்துக்குள், தானாக நடப்பது 8.2-இலிருந்து 17.6 மாதத்துக்குள். அந்த ஆய்வில் பார்த்த பிள்ளைகளில் நூற்றுக்கு நாலு பேர் தவழவே இல்லை. அந்தப் படியை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். உங்கள் மைனி மகன் பத்து மாதத்தில் நன்றாக உட்காருகிறான், தன் வழியில் இடம் விட்டு இடம் நகர்கிறான். தவழவில்லை என்பதை மட்டும் வைத்து அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் சிலவற்றை நீங்களே பாருங்கள். இரண்டு கையையும் ஒரே மாதிரி நீட்டுகிறானா? ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பழக்கி, மற்றதை மடக்கி வைத்துக்கொண்டால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு கால் விறைப்பாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு வயதை ஒட்டிக் கட்டிலையோ நாற்காலியையோ பிடித்து நிற்க வேண்டும். பதினெட்டு மாதத்தில் நடக்க வேண்டும். கற்றுக்கொண்ட ஒன்றை இழந்தால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுவார்கள் அல்லவா, அன்றைக்குத் தாய்-சேய் அட்டையோடு போய் அவன் நகர்வதைச் செவிலியருக்குக் காட்டிவிடுங்கள். மைனிக்கும் மனசு ஆறும்.

இப்போது இதை விடைத்தாளுக்குக் கொண்டுவருவோம். வளர்ச்சியின் கோட்பாடுகளை விளக்குக என்று கேட்டால், வரிசை மாறாது, வேகம் ஆளுக்கு ஆள் மாறும், தலையிலிருந்து காலை நோக்கியும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கியும் வளர்ச்சி போகும் என்று எழுதுவீர்கள். எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் அதற்குக் கீழே இந்தப் பிள்ளையை எழுதுங்கள். முதலில் கழுத்து நின்றது, பிறகு முதுகு நின்றது, இனி கால் நிற்கும். தோளை அசைத்து மொத்தக் கையால் வாரிய பிள்ளை இப்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகத் தரையில் கிடக்கும் ஒரு பருக்கையைப் பொறுக்குகிறான். தவழ்வதை விட்டாலும் உட்காரும் முன் நிற்கவில்லை, நிற்கும் முன் நடக்கப் போவதும் இல்லை. வரிசை நிலையானது, வேகமும் வழியும் தனியாளுடையது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

நம் முன்னோரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செங்கீரை, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதை ஒட்டிச் சப்பாணி, உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. பன்னிரண்டு, பதின்மூன்றில் வருகை, நடந்து வரச் சொல்லிக் கூப்பிடுவது. கழுத்து, முதுகு, கால் என்று அதே வரிசைதான். சப்பாணி கொட்ட வேண்டுமென்றால் முதுகு தானாக நிற்க வேண்டும், ஊன்றிய கை விடுபட வேண்டும். அந்தப் பத்துப் பருவத்தில் தவழ்தலுக்கென்று தனியாக ஒரு பருவம் வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தமிழில் தேர்வு எழுதும் பிள்ளைக்கு இது கையில் இருக்கும் சொத்து. ஒரு பத்தி எழுதினால் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து திருச்செந்தூரில் பேசினார் என்று நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தக் கதையைச் சொல்லியே பேசாத பிள்ளையை மூன்று வயது, நாலு வயது வரை வீட்டில் வைத்திருந்த தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்தி பக்தியாக இருக்கட்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் ஆசிரியை ஆனபிறகு இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பீர்கள்.

சரி, பெயர்கள் குழம்பும் விஷயத்துக்கு வருவோம்.

பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷம் இந்தப் பாடத்தை நடத்தினேன், விடைத்தாளும் திருத்தினேன். உங்களுக்கு வந்திருக்கும் குழப்பம் நன்றாகப் படிக்கிறவர்களுக்குத்தான் வரும். காரணம், எல்லாரும் பட்டியலை நெடுக்கே படிக்கிறார்கள். பியாஜேயின் நாலு நிலை, மேலிருந்து கீழே. எரிக்சனின் எட்டு, மேலிருந்து கீழே. கோல்பர்க்கின் ஆறு, மேலிருந்து கீழே. பத்தமடைப் பாய் நெய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாவு நூலை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டு எழுந்து போனால் அது பாயாகாது, கோரை குறுக்கே ஓட வேண்டும். நீங்கள் இதுவரை பாவு கட்டி முடித்திருக்கிறீர்கள். இனி ஒரு வயதை எடுத்துக்கொண்டு, அந்த வயதுப் பிள்ளையைப் பற்றி ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார் என்று குறுக்கே படியுங்கள்.

அதற்கு ஒவ்வொருவரும் என்ன கேட்டார் என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பியாஜே கேட்டார். சுற்றியிருப்பவர்கள் நடுவே இந்தப் பிள்ளை தன்னை யாராக உணர்கிறது என்று எரிக்சன் கேட்டார். ஒன்றைச் சரி, தப்பு என்று சொல்ல இந்தப் பிள்ளை என்ன காரணம் காட்டுகிறது என்று கோல்பர்க் கேட்டார். யார் கைகொடுத்தால் இது அடுத்த படி ஏறும் என்று வைகாட்ஸ்கி கேட்டார். கேள்வி பிடிபட்டுவிட்டால் பதில் இடம் மாறாது.

உங்கள் ஐந்து வயது மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். பியாஜே பாரிஸில் சிறுவர்களுக்கான அறிவுச் சோதனையைச் சீர்செய்யும் வேலையில் இருந்தபோது, அவர்கள் சொன்ன தப்பான பதில்களிலேயே ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். பிறகு தன் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரை வீட்டில் வைத்தே வருஷக்கணக்காகக் கவனித்து எழுதினார். ஆகவே நீங்கள் வீட்டில் இருந்தபடி செய்யப்போவதும் அதே வேலைதான்.

ஒரு கை புளியங்கொட்டை எடுங்கள். ஆறு ஆறாக இரண்டு வரிசை, எதிரெதிரே ஒட்டி வையுங்கள். ரெண்டும் சமமா என்று கேளுங்கள், ஆமா என்பான். அவன் கண் முன்னாலேயே கீழ்வரிசையை இடைவெளி விட்டு நீட்டி வையுங்கள். இப்ப எதுல நிறைய இருக்கு? என் தங்கை பேரனிடம் நான் இதைச் செய்தபோது அவனுக்கு ஐந்து வயது. நீட்டிய வரிசையைக் காட்டினான். எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு இரண்டு வரிசையையும் ஆறு, ஆறு என்று சரியாக எண்ணினான். திரும்பவும் கேட்டேன். "இதுலதான் நிறைய. நீளமா இருக்குலா?" என்றான், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடு. எண்ணத் தெரிந்த பிள்ளைதான். ஆனால் எண்ணிக்கையைவிடக் கண்ணில் படும் நீளம் அவனுக்குப் பெரிது. ஏழு வயதில் அவனிடமே திரும்பக் கேட்டேன். "ஆச்சி, நீங்க எடுக்கவும் இல்ல, போடவும் இல்ல. திரும்பக் கிட்ட வச்சா அதே தான்லா" என்றான். அந்தப் பதிலில் இரண்டு காரணம் இருக்கிறது. எடுக்கவுமில்லை, சேர்க்கவுமில்லை, ஆகவே அளவு மாறவில்லை என்பது ஒன்று. பழையபடி வைக்கலாம் என்ற மீள்தன்மை இன்னொன்று. மாறாத்தன்மை என்று பாடத்தில் நீங்கள் படித்தது இதுதான். ஐந்து வயதில் செயலுக்கு முற்பட்ட நிலை, ஏழில் பருப்பொருள் செயல் நிலை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் 2–7, 7–11 என்ற எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அதே மகன் தனியாக விளையாடும்போது வாய்விட்டுத் தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "இத இங்கன வைக்கணும், இது விழுந்துரும்." அது தன்னை மட்டுமே மையமாகக் கொண்ட பேச்சு, வளர வளர மறைந்துவிடும் என்றார் பியாஜே. வைகாட்ஸ்கி அதை ஏற்கவில்லை. அந்தப் பேச்சுதான் பிள்ளை தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் கருவி, பிற்பாடு அது உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். இருவரும் 1896-இல் பிறந்தவர்கள். வைகாட்ஸ்கி காசநோயால் 1934-இல், 37 வயதிலேயே இறந்துவிட்டார். பியாஜே 1980 வரை இருந்தார். இருவரையும் ஒப்பிடுக என்ற கேள்விக்கு உங்கள் மகனின் இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம்.

அவன் உங்கள் மாமியாரின் சுளகிலிருந்து ஒரு இலையை எடுத்துத் தானும் பீடி சுற்றப் பார்க்கிறானா? இலை கிழியும், தூள் சிந்தும். புகையிலைத் தூளில் குழந்தை கை படக் கூடாது, ஆகவே அதை வாங்கி வைக்கத்தான் வேண்டும். ஆனால் "எதைத் தொட்டாலும் நாசம் பண்ணுதான்" என்று சொல்லி வாங்குவது வேறு, தூள் இல்லாத ஒரு வெட்டு இலையைக் கொடுத்து இதில் சுற்று என்பது வேறு. தானே ஒன்றைத் தொடங்கிப் பார்க்கும் முன்முயற்சிக்கும் குற்ற உணர்வுக்கும் நடுவில் அவன் நிற்கிறான். எரிக்சனின் மூன்றாம் நிலை இது. அவன் இலையைச் சுருட்ட முடியாமல் திணறும்போது நீங்கள் முதல் மடிப்பை மட்டும் பிடித்துக் கொடுத்தால், அது வைகாட்ஸ்கி. 'எடுத்தா ஆச்சி அடிப்பா, அதனால தப்பு' என்று அவன் சொன்னால், அது கோல்பர்க்கின் முதல் நிலை. ஒரு பிள்ளை, ஒரு இலை, நாலு பேரும் வந்துவிட்டார்கள். இதுதான் குறுக்கே படிப்பது.

எரிக்சனின் எட்டு நிலையும் உங்கள் தெருத் திண்ணையில் பீடி சுற்றும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அழுதால் தூக்கும் கை வரும் என்று தெரிந்திருக்கும் மைனி குழந்தை, நம்பிக்கை. எதைக் கொடுத்தாலும் 'நானே' என்று பிடுங்கும் பக்கத்து வீட்டு இரண்டு வயதுக்காரி, தன்னாட்சி. அடுத்தது உங்கள் மகன். கணக்கில் நூறு வாங்கியதைத் தெரு முழுக்கச் சொல்லும் நாலாம் வகுப்புப் பிள்ளை, அல்லது வாங்காததை ஒளித்து வைக்கும் பிள்ளை, உழைப்பும் தாழ்வு மனப்பான்மையும். ஒரு மாதம் போலீஸ் தேர்வு, அடுத்த மாதம் ஐ.டி.ஐ. என்று மாறிக்கொண்டே இருக்கும் பதினெட்டு வயதுப் பையன், அடையாளமும் பங்குக் குழப்பமும். நெருக்கமும் தனிமையும் புதிதாகக் கல்யாணமானவர்களுடையது. ஆக்கமும் தேக்கமும் உங்கள் மாமியாருடையது. சுற்றிய பீடியின் கூலியில் யாரை வளர்த்தார், யாரைப் படிக்கவைத்தார் என்று அவரைக் கேளுங்கள், அவர் சொல்லும் கணக்குதான் ஆக்கம். சுற்ற முடியாமல் சும்மா உட்கார்ந்து பழைய கதை சொல்லும் எண்பது வயது ஆச்சி, நிறைவோ விரக்தியோ. அவர் கதையைக் கொஞ்ச நேரம் கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

எரிக்சனைப் பற்றி இரண்டு செய்தி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்ற தகப்பன் யாரென்றே தெரியாமல், மாற்றாந்தகப்பன் பெயரோடு வளர்ந்தவர். அமெரிக்கக் குடிமகன் ஆனபோது எரிக்சன் என்ற பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டார். அடையாளச் சிக்கல் என்ற சொல் அவரிடமிருந்து வந்தது எனக்கு ஆச்சரியமாகவே தோன்றுவதில்லை. 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தி நடந்துகொண்டதை ஆராய்ந்து, நடுவயது மனிதரின் உள்ளத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியவரும் அவர்தான். வளர்ச்சி பதினெட்டோடு நிற்காது, சாகும்வரை போகும் என்பது அவர் கோட்பாட்டின் உயிர். முப்பத்தொரு வயதில் கல்லூரிக்குப் போகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோல்பர்க்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்க்கவில்லை, ஏன் சொன்னார்கள் என்று பார்த்தார். தேர்வில் பார்த்து எழுதக் கூடாது என்று மூன்று பேர் சொல்கிறார்கள். பிடிபட்டால் வெளியே அனுப்புவார்கள் என்கிறான் ஒருவன். டீச்சர் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்திருக்கிறார்கள் என்கிறாள் ஒருத்தி. ராப்பகலாகப் படித்தவளுக்கு அது அநியாயம், விதி இல்லாவிட்டாலும் செய்யமாட்டேன் என்கிறாள் இன்னொருத்தி. அவருடைய ஆறு நிலையும் இரண்டிரண்டாக அடங்கும் மூன்று மட்டமும் முடிந்தது. அவர் தொடக்கத்தில் ஆராய்ந்தது ஆண்பிள்ளைகளை மட்டும்தான் என்பதையும், பெண்களின் அறம் அக்கறையிலிருந்து பேசுகிறது என்று கரோல் கில்லிகன் 1982-இல் மறுத்ததையும் கட்டாயம் எழுதுங்கள். குறை சொல்லத் தெரிந்த விடைக்கு மதிப்பெண் கூடும்.

பிராய்டுக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை, உங்கள் குறிப்பே போதும்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். நீங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, சிலரை மறுபடி வாசிக்கவும் சிலரைத் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மூடிவைத்து எழுதியவர்கள் வெகுவாக முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிஷத்தில் இல்லை, பதினெட்டு நாளில். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து அதையே மறுபடி எழுதுங்கள்.

பீடி சுற்றும் நேரம் வீண் போகிறது என்று நினைக்காதீர்கள். கை இலையில் இருக்கும்போது வாய் சும்மாதானே இருக்கிறது? மாமியாரிடம் ஒரு நாளைக்கு ஒரு வயதைச் சொல்லுங்கள். 'அத்தை, ரெண்டு வயசுப் பிள்ள ஏன் எல்லாத்துக்கும் மாட்டேங்குது தெரியுமா?' அவர் உடனே உங்கள் கணவர் இரண்டு வயதில் செய்ததைச் சொல்வார். அது எரிக்சனின் இரண்டாம் நிலைக்கு உங்கள் எடுத்துக்காட்டு.

தேர்வறையில் உங்கள் பாடநூல் எந்தக் கலைச்சொல்லைப் போட்டிருக்கிறதோ அதையே எழுதுங்கள். ஒரு நூலில் பருப்பொருள் செயல் நிலை, இன்னொன்றில் புலனீடான நிலை என்று இருக்கும். நான் இங்கே எழுதிய சொல் உங்கள் நூலில் இல்லையென்றால் நூலையே பின்பற்றுங்கள். வளர்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் வேறுபாடு கேட்டால் வரையறையோடு எண்ணையும் சேருங்கள். 3 கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்து மாதத்தில் சுமார் 6, ஒரு வயதில் 9 கிலோ. அது வளர்ச்சி, தராசில் நிற்கும். அந்தப் பிள்ளை தெரியாத முகத்தைப் பார்த்து அழுது அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்வது மேம்பாடு, தராசில் நிற்காது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி நெடுவிடைக்கு நேரமில்லாமல் போன தாள்களை எத்தனையோ திருத்தியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும். கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் படிப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. படித்தது தூக்கத்தில்தான் நினைவில் இறுகும். ஒன்பதரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் வீடு விழிக்கும் முன் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். தேர்வுக்கு முந்தின மூன்று நாள் சுளகைத் தொடமாட்டேன் என்று மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால்தான் முகம் கோணும். ஒரு முழுத்தாளில் இடப்பக்கம் பத்து மாதம், இரண்டு வயது, ஐந்து வயது, ஒன்பது, பதினைந்து, முப்பது, ஐம்பத்தைந்து, எண்பது என்று எழுதுங்கள். மேலே நாலு பெயர். கட்டங்களில் கோட்பாட்டைச் சுருக்கி எழுத வேண்டாம், உங்கள் வீட்டிலும் தெருவிலும் பார்த்ததை எழுதுங்கள். சில கட்டம் காலியாக இருக்கும். ஐம்பத்தைந்து வயதைப் பற்றிப் பியாஜே தனியாக ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். தேர்வுக்கு முந்தின ராத்திரி அந்த ஒரு தாளை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.